நரிட்டாவிலிருந்து நகருக்குள் செல்ல சுயிகா அட்டை மட்டும் போதுமா?

மேகவழி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் மனைவியுடனும் 8 வயது மகனுடனும் டோக்கியோ செல்லவிருக்கிறேன். விமானம் மாலையில் நரிட்டாவின் 2-ஆம் முனையத்தில் இறங்குகிறது. தங்குமிடம் அசகுசா நிலையத்துக்கு அருகில் உள்ளது. சுயிகா என்ற தொட்டுச் செல்லும் பயண அட்டையில் பணத்தை ஏற்றிக்கொண்டால் எந்த ரயிலிலும் ஏறிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். விமான நிலைய ரயிலுக்கு அந்த அட்டை செல்லாது, தனியாகப் பயணச்சீட்டு வாங்க வேண்டும் என்று வேறு சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். இவற்றுள் எது சரி? மகனுக்கும் தனி அட்டை வாங்க வேண்டுமா, அல்லது ஒரே அட்டையை மூவரும் மாறி மாறித் தொட்டு உள்ளே செல்ல இயலுமா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தண்டவாளம்

இரண்டு தரப்பினரும் சொல்வது பாதி சரிதான். ஜப்பானில் வேக ரயிலின் கட்டணம் இரண்டு பகுதிகளால் ஆனது. தூரத்துக்கான அடிப்படைக் கட்டணம் ஒன்று. வேகத்துக்கும் இருக்கைக்கும் சேர்த்து வாங்கப்படும் கூடுதல் கட்டணம் மற்றொன்று. சுயிகாவைத் தொட்டு வாயிலைக் கடக்கும்போது அதிலிருந்து கழிவது முதல் பகுதி மட்டுமே. இரண்டாம் பகுதிக்கான சீட்டை இயந்திரத்திலோ முகப்பிலோ இணையத்திலோ தனியாக வாங்க வேண்டும்.

நரிட்டா எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2025-இல் விமான நிலையத்திலிருந்து டோக்கியோ நிலையம் வரை சாதாரண வகுப்பில் 3,070 யென் ஆனது. அதில் 1,340 யென் அடிப்படைக் கட்டணம், 1,730 யென் விரைவுக் கட்டணம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், அதை இயக்கும் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) நிறுவனத்தின் அதே வாயில் வழியாகத்தான் கூடுதல் கட்டணம் இல்லாத சாதாரண ரயிலுக்கும் போகிறார்கள். ஆகவே வெறும் சுயிகாவைத் தொட்டாலும் வாயில் திறந்துவிடும். திறந்துவிட்டதே என்று நம்பி எக்ஸ்பிரஸில் ஏறி அமர்ந்தவரிடம், எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்குரிய அந்த ரயிலில், நடத்துநர் வந்து மீதிக் கட்டணத்தைக் கேட்பார். அட்டை செல்லாது என்ற பேச்சு இப்படிக் கட்டணம் கட்டியவர்களிடமிருந்து கிளம்பியிருக்கும் என்றே நினைக்கிறேன். கெய்செய் நிறுவனத்தின் ஸ்கைலைனரிலும் இதே முறைதான்: அடிப்படைக் கட்டணத்துக்கு அட்டை, அதற்கு மேல் லைனர் சீட்டு எனப்படும் கூடுதல் கட்டணச் சீட்டு.

உங்கள் இன்னொரு கேள்விக்கு விடை எளிது. ஓர் அட்டை, ஒருவர். எங்கே நுழைந்தீர்கள் என்ற பதிவு அட்டையிலேயே எழுதப்படுவதால், வெளியேறும் வரை அதைக் கொண்டு இன்னொருவர் நுழைய முடியாது.

கணக்கர்

தண்டவாளம் சொன்னதை வைத்துப் பார்த்தால், தங்குமிடம் அசகுசா என்னும்போது நீங்கள் அந்த இரண்டு ரயில்களையும் மறந்துவிடலாம். ஸ்கைலைனர் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி 40 நிமிடங்களுக்குள் நிப்போரியில் விட்டுவிடும் என்பது உண்மை. ஆனால் அங்கிருந்து உயெனோ சென்று, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு சுரங்க ரயிலுக்கு மாறி அசகுசா சேருவதற்குள் மிச்சப்படுத்திய நேரம் கரைந்துவிடும். அதே தடத்தில் ஓடும் அக்சஸ் எக்ஸ்பிரஸ் கூடுதல் கட்டணம் எதுவும் இல்லாமல், ரயில் மாறவும் தேவையின்றி, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அசகுசாவுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். வழியில் தடம் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாறினாலும் பயணிக்கு அது தெரியாது. ஏறும் இடத்தில் ஒரு தொடுதல், இறங்கும் இடத்தில் ஒரு தொடுதல், கணக்கை அட்டை பார்த்துக்கொள்ளும். செலவு ஸ்கைலைனரில் ஆவதில் ஏறத்தாழ பாதிதான். ஏறத்தாழ 40 நிமிடங்களுக்கு ஒரு ரயில்தான் உண்டு என்பதால், சுங்கச் சோதனை முடிந்தவுடன் நேர அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

அங்கே கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஜே.ஆர். வாயில்களும் கெய்செய் வாயில்களும் அருகருகே உள்ளன. தவறான பக்கம் தொட்டு நுழைந்துவிட்டால், அந்த நுழைவை ஊழியர் நீக்கித் தரும் வரை அட்டை வேறெங்கும் வேலை செய்யாது. கெய்செய்க்குள்ளும் இரு தடங்கள் உள்ளன. ஸ்கை அக்சஸ் தடத்தை ஆரஞ்சு நிறத்திலும், பழைய பிரதான தடத்தை நீல நிறத்திலும் குறித்திருப்பார்கள். இரண்டிலும் கட்டணம் வேறு என்பதால் வாயில்களும் தனித்தனி. நீங்கள் ஆரஞ்சைப் பின்தொடருங்கள். நீலத் தடத்தில் லிமிடெட் எக்ஸ்பிரஸ் என்ற பெயரிலேயே ஒரு ரயில் ஓடுகிறது. பெயரைக் கண்டு கூடுதல் சீட்டு வேண்டுமோ என்று மிரள வேண்டாம், அதற்குத் தேவையில்லை.

மகனைப் பற்றி: 6 முதல் 11 வயது வரை பாதிக் கட்டணம். ஆனால் குழந்தைகளுக்கான அட்டைக்கு வயதை உறுதிசெய்ய வேண்டியிருப்பதால், முகப்பில் கடவுச்சீட்டைக் காட்டி வாங்குவதுதான் வழக்கமான வழி. மாலை நேரத்தில் அங்கே வரிசை நீளமாக இருந்தால், முதல் பயணத்துக்கு மட்டும் கெய்செய் இயந்திரத்தில் குழந்தைக்கான காகிதச் சீட்டை எடுத்துவிட்டு, அட்டையை மறுநாள் நகருக்குள் வாங்கிக்கொள்ளலாம்.

நீள்பயணி

கேள்வி டோக்கியோவைப் பற்றியது என்றாலும், மற்ற நகரங்களுக்குச் செல்பவர்களும் இத்திரியைப் படிப்பார்கள் என்பதால் இதைச் சேர்க்கிறேன். தென் கொரியாவின் சோலில், இன்சியான் விமான நிலையத்திலிருந்து ஒரே நிறுவனம் இரண்டு வகை ரயில்களை இயக்குகிறது. எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயிலில் சுயிகா போன்ற டி-மணி அட்டையைத் தொட்டு ஏறலாம். எங்கும் நிற்காமல் செல்லும் விரைவு ரயிலுக்கு இருக்கைச் சீட்டு தனி. இந்த அளவில் அது டோக்கியோவை ஒத்ததே.

லண்டனில் நிலைமை நேர் எதிர், அதனால்தான் ஆபத்தும் அதிகம். 2019 முதல் ஹீத்ரோ விமான நிலையத்தின் விரைவு ரயிலான ஹீத்ரோ எக்ஸ்பிரஸிலும், லண்டனின் பயண அட்டையான ஆய்ஸ்டரும் வங்கி அட்டையும் செல்லும். எலிசபெத் தட ரயிலும் அதே நடைமேடைகளிலிருந்தே புறப்படுகிறது. எக்ஸ்பிரஸில் பயணித்தால் அதன் முழுக் கட்டணமும் சத்தமில்லாமல் கழிந்துவிடும். எலிசபெத் தடத்துக்கு அதைவிடக் குறைவு, பிக்காடில்லி தடத்துக்கு அதனினும் வெகு குறைவு. ஆகவே அட்டை செல்லுமா என்பதைவிட, அந்த ரயிலில் அட்டையிலிருந்து எவ்வளவு போகும் என்பதைத்தான் அங்கே கேட்க வேண்டும். மேலும், நுழையும்போது கைப்பேசியையும் வெளியேறும்போது பிளாஸ்டிக் அட்டையையும் தொட்டால், இரண்டும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் வெவ்வேறு அட்டைகளாகவே கருதப்பட்டு, முடிவடையாத இரு பயணங்களுக்கான உச்சக் கட்டணம் விழும்.

மேகவழி

மூவருக்கும் மிக்க நன்றி. அக்சஸ் எக்ஸ்பிரஸிலேயே செல்வதாக முடிவு செய்துவிட்டோம். இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன்: சாதாரண சுயிகா வாங்குவதா, சுற்றுலாப் பயணிகளுக்கான வெல்கம் சுயிகா வாங்குவதா? மீதமாகும் பணம் திரும்பக் கிடைக்குமா?

கணக்கர்

சில்லுத் தட்டுப்பாட்டால் நிறுத்தப்பட்டிருந்த சாதாரண சுயிகாவின் விற்பனை 2025 மார்ச்சில் மீண்டும் தொடங்கிவிட்டதால் இரண்டில் எதை வேண்டுமானாலும் வாங்கலாம். சாதாரண அட்டைக்கு 500 யென் முன்வைப்புத் தொகை உண்டு. திருப்பிக் கொடுக்கும்போது அது கிடைக்கும், ஆனால் மீதமிருக்கும் தொகையிலிருந்து 220 யென் சேவைக் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். மீதி சுழியமாக இருந்தால் பிடித்தம் இல்லை. இதையும் ஜே.ஆர். கிழக்கு என்ற நிறுவனத்தின் பகுதியில் மட்டுமே செய்ய முடியும் என்பதால், பயணத்தின் முடிவில் ஒசாகாவிலிருந்து திரும்புவதாக இருந்தால் டோக்கியோவை விட்டுக் கிளம்பும்போதே முடித்துவிடுங்கள். வெல்கம் சுயிகாவுக்கு முன்வைப்புத் தொகை இல்லை. 28 நாட்களில் காலாவதியாகும், மீதிப் பணம் திரும்ப வராது. ஐபோன் வைத்திருந்தால் அட்டையே வாங்காமல் அதிலேயே சுயிகாவைச் சேர்த்துக்கொள்ளலாம். ஜப்பானுக்கு வெளியே விற்கப்படும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பெரும்பாலும் இந்த வசதி இருப்பதில்லை.

குறுகிய பயணம் என்றால் நான் வெல்கம் சுயிகாவையே பரிந்துரைப்பேன். எதை வாங்கினாலும் தொடக்கத்தில் ஆளுக்கு 2,000 யென் ஏற்றினால் போதும். பணம் ஏற்றும் இயந்திரங்களில் பெரும்பாலானவை ரொக்கத்தை மட்டுமே வாங்கும் என்பதால், கீழ்த்தளத்துக்கு இறங்குவதற்கு முன்பே வருகைக் கூடத்தில் யென் எடுத்துக்கொள்ளுங்கள்.