100 ஆண்டு வெள்ளம் தொண்ணூறாயிரம் கியூமெக்ஸ்! எங்கே பிழை விட்டேன்?

வெள்ளவத்தை மழை:
வணக்கம். களனி ஆற்று வெள்ளத்தை வைத்துக் கடைசி வருடச் செயற்றிட்டம் செய்கிறேன். ஹங்வெல்லவுக்கு மேலே உள்ள ஒரு நிலையத்தின் 40 வருட ஆண்டு உச்சப் பாய்ச்சலை, போட்டோகொப்பி எடுத்த பதிவேட்டிலிருந்து எக்செலில் அடித்து, ஹெக்-எஸ்.எஸ்.பி. என்ற வெள்ளப் புள்ளியியல் மென்பொருளில் ஏற்றினேன். ஜெனரல் ஃப்ரீக்வென்சி அனாலிசிஸ், லொக்-நோர்மல் பரம்பல் (மடக்கைகள் நோர்மல் பரம்பலில் விழும் என்று கொள்வது). நிரல் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. விடைதான் பயமுறுத்துகிறது. 100 ஆண்டு வெள்ளம் (எந்த ஒரு வருடத்திலும் வர நூறில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளம்) தொண்ணூறாயிரத்துச் சொச்சம் கியூமெக்ஸ் (வினாடிக்குக் கன மீற்றர்). என் தரவிலேயே மிகப் பெரியது மூவாயிரத்தைத் தொடவில்லை. வரைபடத்தில் புள்ளிகள் ஒரு பக்கம், கோடு இன்னொரு பக்கம். மூன்று தரம் அழித்துவிட்டுத் திரும்ப நிறுவியும் அதே விடைதான். வெள்ளிக்கிழமை ஆசிரியருக்குக் காட்ட வேண்டும். யாராவது உதவுங்கள்.

கிணற்றடி:
தம்பி, அமேசானின் சராசரிப் பாய்ச்சலே சுமார் இரண்டு லட்சம் கியூமெக்ஸ்தான். நீங்கள் களனியில் பாதி அமேசானை ஓட விட்டிருக்கிறீர்கள். மென்பொருளைத் திரும்ப நிறுவி என்ன செய்ய? அது நாம் கொடுத்த எண்ணைத்தான் கூட்டிக் கழிக்கும். 40 வருடமும் தொடர்ச்சியாக இருக்கிறதா, இடையில் விடுபட்ட வருடங்கள் உண்டா? உண்டென்றால் அந்தக் கட்டங்களில் என்ன போட்டீர்கள்?

வெள்ளவத்தை மழை:
ஐந்து வருடம் விடுபட்டிருக்கிறது அண்ணா. முதலில் 0 போட்டேன். பூச்சியத்துக்கு மடக்கை இல்லையே, 1 போடு, மடக்கை 0 ஆகிவிடும், கணக்கைப் பாதிக்காது என்று என்னோடு படிப்பவர் ஒருவர் சொன்னார். அதனால் 1 போட்டேன்.

கிணற்றடி:
கள்வன் அங்கேதான் இருக்கிறான். மடக்கை 0 என்றால் பாதிப்பு 0 என்று பொருளில்லை.

உங்கள் எண்கள் என்னிடம் இல்லை, உருண்டை எண்களில் காட்டுகிறேன். 35 வருட உண்மைத் தரவின் மடக்கைகளுக்கு (பத்தின் அடி) இடை 3, நியம விலகல் 0.2 என்று வையுங்கள். அதாவது நடுத்தர வெள்ளம் 1,000 கியூமெக்ஸ். லொக்-நோர்மலில் 100 ஆண்டு வெள்ளத்துக்கு இடையோடு 2.326 மடங்கு விலகலைக் கூட்ட வேண்டும்: 3 + 0.465 = 3.465. திருப்பி எடுத்தால் 2,900 அளவில் வரும். நம்பக்கூடிய எண்.

இப்போது ஐந்து பூச்சிய மடக்கைகளைச் சேருங்கள். இடை 2.625க்குக் கொஞ்சம் இறங்குகிறது, அதைப் பொறுக்கலாம். ஆனால் நியம விலகல் 0.2இலிருந்து 1.02க்குத் தாவுகிறது. 2.625 + 2.326 × 1.02 கிட்டத்தட்ட 5. பத்தின் ஐந்தாம் அடுக்கு, ஒரு லட்சம் கியூமெக்ஸ்! 1 கியூமெக்ஸ் என்பது உங்கள் 1,000க்கு மூன்று மடக்கைப் படி கீழே கிடக்கிறது. கீழ்ப் பக்கம் அப்படி இழுபட்டதும், இரு பக்கமும் சமச்சீரான அந்தக் கோடு மேல் பக்கமும் அதே அளவுக்கு விரிந்துவிடுகிறது. வறண்ட ஆண்டென்று நீங்கள் எழுதிய பொய்தான் மறுமுனையில் பெருவெள்ளமாக வந்து நிற்கிறது.

அந்த ஐந்து வரிசைகளையும் முழுதாக நீக்குங்கள். 0 வேண்டாம், 1 வேண்டாம்.

வெள்ளவத்தை மழை:
நீக்கிவிட்டேன். 2,900ஐ ஒட்டி வந்துவிட்டது! இரண்டு இரவுத் தூக்கம் போனது இதற்காகவா என்று சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. ஆனால் இன்னொரு சிக்கல். ஆசிரியர் புல்லட்டின் 17சி (அமெரிக்க வெள்ளக் கணிப்பு வழிகாட்டி) முறையிலும் செய்யச் சொன்னார். அதில் ஒரே ஆண்டில் இரண்டு உச்சங்கள் விழுகின்றன, அடுத்த ஆண்டு காலி.

மண்மேடு:
நான் பேசலாமா? நீங்கள் எடுத்தது ஜனவரி முதல் டிசம்பர் வரையான ஆண்டின் உச்சம். மென்பொருள் இயல்பாக நீராண்டை (நீர்க் கணக்குக்கான ஆண்டை) ஒக்டோபர் 1இல் தொடங்குகிறது. ஒரு நவம்பர் வெள்ளமும் அடுத்த மே வெள்ளமும் உங்கள் கணக்கில் இரண்டு வருடம், அதன் கணக்கில் ஒரே வருடம். ஒன்று ஆண்டுத் தொடக்கத்தை ஜனவரிக்கு மாற்றுங்கள், அல்லது உச்சங்களை நீராண்டுப்படி திரும்பப் பொறுக்குங்கள். களனிக்குத் தென்மேற்குப் பருவத்திலும் வெள்ளம் வரும், ஒக்டோபர், நவம்பர் மழையிலும் வரும். அதனால் எதை எடுத்தாலும், அடுத்தடுத்த இரண்டு ஆண்டு உச்சங்கள் ஒரே வெள்ளத்தின் இரு முகங்களாக இல்லையா என்று திகதியைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

17சி லொக்-பியர்சன் மூன்றாம் வகைப் பரம்பலைப் பொருத்துவது. அதில் ஸ்கியூ (பரம்பல் ஒரு பக்கம் சாயும் அளவு) கேட்கும் இடத்தில், உங்கள் தரவிலிருந்தே வரும் நிலைய ஸ்கியூவையே தேர்ந்தெடுங்கள். பிராந்திய ஸ்கியூ என்பதற்கு அந்த வழிகாட்டி அமெரிக்க ஆறுகளைத்தான் மனத்தில் வைத்திருக்கிறது. அங்கிருந்து ஓர் எண்ணைக் கடன் வாங்கிக் களனிக்குப் போட்டு அறிக்கை எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கிணற்றடி:
மண்மேடு அக்கா சொன்னது சரி. இன்னொன்று, கொழும்பில் உள்ள நாகலகம் வீதி அளவுகோலின் மட்டத்தை ஒப்பீட்டுக்கு எடுக்கிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கே 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம் என்று செய்தியில் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. ஆனால் அது நீர் மட்டம், பாய்ச்சல் இல்லை. கடலுக்குக் கிட்ட இருப்பதால் ஏற்றவற்றமும் அதில் கலந்திருக்கும்.

மண்மேடு:
மட்டத்திலிருந்து பாய்ச்சலுக்குப் போகும் வளையியும் நிலையாக நிற்காது. களனியில் மணல் அள்ளி அள்ளி ஆற்றடி இறங்கியிருக்கிறது. அடி இறங்கினால் அதே மட்டத்தில் முன்பைவிட அதிக நீர் போகும். பழைய வளையியை வைத்துப் புதிய மட்டத்தைப் பாய்ச்சலாக மாற்றியிருந்தால் பின் வருடங்கள் குறைத்துக் காட்டும். உங்கள் பதிவேட்டில் எந்த வருடம் வளையி மாறியது என்று குறிப்பு இருக்கிறதா, பாருங்கள். தரவு எந்த வருடத்தில் தொடங்குகிறது? களனியின் மேல் கிளைகளில் உள்ள காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் 1960களில் வந்தவை. அதற்கு முன்னும் பின்னும் ஒரே வரிசையில் கலக்கக் கூடாது.

வெள்ளவத்தை மழை:
தரவு 1970களில்தான் தொடங்குகிறது, அதனால் தப்பினேன். வளையிக் குறிப்பைத் தேடப் போய் வேறொன்று கிடைத்தது. விடுபட்ட ஐந்து வருடங்களில் ஒன்றுக்கு நேரே, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது. போட்டோகொப்பியில் மங்கி, விளக்குக்கு நேரே பிடித்தால்தான் தெரிகிறது: ‘அளவுகோல் அடிபட்டுப் போனது’. அந்த வருடமோ ஊரே இன்னும் பேசும் வெள்ள வருடம். இதையும் நீக்கத்தான் வேண்டுமா?

கிணற்றடி:
நீக்கவே கூடாது! மற்ற நான்கு வருடங்கள் ஆளில்லாமலோ தாள் தொலைந்தோ விடுபட்டிருக்கலாம், அவற்றை விட்டால் குறைவில்லை. இது வெள்ளம் வந்ததால் விடுபட்டது. இதை விட்டால் பெரிய வெள்ளம் ஒன்றை நாமே கணக்கிலிருந்து துடைத்ததாகிவிடும். 17சி உங்களுக்குக் கைகொடுக்கும் இடமே இதுதான். நான்கு வெற்று வருடங்களுக்கு உணர்வெல்லை (எந்த வீச்சில் வந்த பாய்ச்சல் நமக்குத் தெரிந்திருக்கும் என்ற கீழ், மேல் எல்லை) இரண்டையும் முடிவிலி என்று கொடுங்கள். அன்றைக்கு எவ்வளவு வந்திருந்தாலும் நமக்குத் தெரிந்திராது என்று அதற்குப் பொருள். இந்த வருடத்துக்கு ஒற்றை எண் வேண்டாம், இதற்குக் கீழே இல்லை, இதற்கு மேலே இல்லை என்று ஒரு வீச்சைக் கொடுத்தால் போதும். முந்தைய 17பி.யில் இப்படி வீச்சாகக் கொடுக்க வழியில்லை.

கீழெல்லைக்கு, அளவுகோல் போவதற்கு முன் கடைசியாக வாசித்த மட்டம் இருக்கும். மேலெல்லைக்கு வெள்ளத் தழும்பு தேடுங்கள். பழைய சுவர், கோவில் தூண், கடைப் படி, எங்கேயாவது ‘இதுவரை வந்தது’ என்று யாராவது கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டை மட்டமெடுத்து அளவுகோலின் பூச்சியத்தோடு இணைக்க வேண்டும்.

வெள்ளவத்தை மழை:
செய்கிறேன். நான்கு வருடத்துக்கு முடிவிலி கொடுத்து, ஐந்தாவதை இப்போதைக்கு வெறுமனே விட்டு ஓட்டியதில் 100 ஆண்டு வெள்ளம் மூவாயிரத்தை ஒட்டி நிற்கிறது. ஆனால் 5, 95 சதவீத நம்பிக்கை வரம்புகளில் மேலது கீழதுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதுவும் பிழையா?

மண்மேடு:
பிழையில்லை. 35 வருடத்தை வைத்து 100 ஆண்டைக் கேட்டால் அவ்வளவுதான் சொல்லும். அந்த வரம்பை அறிக்கையில் மறைக்காதீர்கள்.

வெள்ளவத்தை மழை:
சரி அக்கா. நடுவில் ஒரு கேள்வி. எங்கள் வீட்டுக்கார அன்ரிக்கு வெல்லம்பிட்டியவில் ஒரு வீடு உண்டு, 2016 மே மாதம் தண்ணீர் ஏறிய வீடு. ‘100 வருசத்துக்கு ஒருக்கா என்றால் இனி என் காலத்தில் வராதுதானே’ என்று கேட்டார். என்ன சொல்ல?

கிணற்றடி:
ஒவ்வொரு வருடமும் நூறில் ஒரு சீட்டு, எடுத்த சீட்டைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள் என்று சொல்லுங்கள். 30 வருடம் அங்கே இருந்தால் ஒரு தரமாவது வர 26 சதவீதம். அப்புறம், வெல்லம்பிட்டியவில் தண்ணீர் ஏற ஆறு மட்டும் காரணமில்லை, வடிய வழியில்லாத மழைநீரும் உண்டு. உங்கள் வரைபடம் அதைச் சொல்லாது.

வெள்ளவத்தை மழை:
நன்றி அண்ணா. ஞாயிறு காலை நிலையத்துக்குப் பக்கத்து ஊருக்குப் போகிறேன், தழும்பு தேட. மட்டமெடுக்கும் கருவி ஒரு நாளைக்கு இரவல் தரக்கூடியவர்கள் கொழும்பில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மண்மேடு:
என்னிடம் இருக்கிறது. முக்காலியில் ஒரு கால் ஆடும், ஒரு கல் வைத்துச் சமாளியுங்கள்.