கூரை கிளைம்: சேதம் டிடக்டிபிளுக்குள் (முதலில் நாமே ஏற்க வேண்டிய தொகை) அடங்கிவிட்டதாம், பணம் வராதாம். அவசர உதவி தேவை

கரையோரம்: வணக்கம். புயலில் கூரையின் ஷிங்கிள் (ஓடு போன்ற தகடு) பறந்து, படுக்கையறை சீலிங் ஊறித் தொங்குகிறது. கீழேயும் தரை, சுவரின் அடிப்பகுதி எல்லாம் ஈரம். கிளைம் போட்டேன். இன்சூரன்ஸ் கம்பெனியின் அட்ஜஸ்டர் (சேதத்தை மதிப்பிடுபவர்) வந்து பார்த்தார். இப்போது கடிதம் வந்திருக்கிறது: சேதம் 6,200 டாலர், டிடக்டிபிளைவிடக் குறைவு, பணம் கிடையாது. என் டிடக்டிபிள் 1,000 டாலர்தான். இதற்கிடையில் ஒரு கூரைக்காரர் வாசலுக்கே வந்து, கையெழுத்துப் போட்டால் இன்சூரன்ஸை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். போடலாமா? வீட்டில் வயதான அம்மா இருக்கிறார், ஈர வாடை தாங்க முடியவில்லை.

தென்றல்: எந்த மாநிலம்? எந்தப் புயல்? சொந்தத் தனி வீடா, காண்டோவா (அடுக்குமாடி வீடு)? தண்ணீர் மேலிருந்து வந்ததா, கீழிருந்தா? வெள்ளப் பாலிசி தனியாக வைத்திருக்கிறீர்களா? இதெல்லாம் தெரியாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

மழைமேகம்: எல்லாமே காற்றால் வந்த சேதம் என்றே எழுதுங்கள். வெள்ளம் என்ற சொல்லே உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. வந்தால் வீட்டு இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான்.

தென்றல்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். சுவரில் தண்ணீர்க் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே அட்ஜஸ்டருக்குத் தெரிந்துவிடும். ஒரு பொய் பிடிபட்டால் முழு கிளைமும் போகும்.

பழைய பாலிசி: ஒவ்வொரு புயலுக்கும் இங்கே இதே கேள்வி வருகிறது. பாலிசியின் முதல் சில பக்கங்களில் டெக்லரேஷன் என்று ஒன்று இருக்கும், காப்பீட்டுத் தொகை, டிடக்டிபிள் எல்லாம் அதில்தான். பணம் கட்டுகிறவர்கள் அதையாவது படிக்க வேண்டும். நீங்கள் சொல்லும் 1,000 டாலர் தீ, குழாய் உடைப்பு போன்றவற்றுக்கு. ஹரிக்கேனுக்கு (கடும் புயல்) டிடக்டிபிள் தனி. ஃபுளோரிடாவில் 500 டாலர், 2, 5, 10 சதவீதம் என்று இருக்கும். அந்தச் சதவீதம் சேதத்தின் மீது அல்ல, வீட்டின் காப்பீட்டுத் தொகையின் மீது. வீடு 4 லட்சம் டாலருக்கு இன்சூர் ஆகியிருந்தால் 2 சதவீதம் என்பது 8,000 டாலர். இனி கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கரையோரம்: செயின்ட் பீட்டர்ஸ்பர்க், ஃபுளோரிடா. சொந்த வீடு. கூரை போனது மில்டன் புயலில். அதற்கு இரண்டு வாரம் முன்பு ஹெலீன் புயலில் கடல் தண்ணீர் உள்ளே வந்தது, பின்பக்க வேலியும் காற்றில் சாய்ந்தது. வெள்ளப் பாலிசி இருக்கிறது. வேலியைக் கையிலிருந்து பணம் போட்டுச் சரிசெய்துவிட்டேன்.

தென்றல்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உங்களுடையது ஒரு கிளைம் இல்லை, இரண்டு. ஹெலீன் கரை கடந்தது 2024 செப்டம்பர் 26, மில்டன் அக்டோபர் 9. தேதியும் வேறு, பாலிசியும் வேறு. கடல் பொங்கி வந்த தண்ணீர் வெள்ளக் கணக்கில்தான் வரும், வீட்டு இன்சூரன்ஸ் அதைத் தொடாது. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் கட்டடத்துக்கு 2.5 லட்சம், சாமான்களுக்கு 1 லட்சம் டாலர் வரை எடுக்கலாம். ஆனால் வெளியே தங்கும் செலவை அது தராது, அதையும் நினைவில் வையுங்கள். அந்தக் கிளைமைப் போட்டாயிற்றா? எவ்வளவு இழப்பு என்று நீங்கள் கையெழுத்திட்டுத் தரும் இழப்புப் பத்திரம் வழக்கமாக 60 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். பெரிய புயல் என்றால் ஃபீமா (மத்திய அரசின் பேரிடர் அமைப்பு) கெடுவை நீட்டுவதும் உண்டு. ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம்.

பழைய பாலிசி: வேலி விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. ஃபுளோரிடாவில் ஹரிக்கேன் டிடக்டிபிள் ஒரு காலண்டர் ஆண்டுக்கு ஒரு தடவைதான். ஒவ்வொரு புயலுக்கும் முதலிலிருந்து தொடங்காது, அதே கம்பெனியில் இருக்கும்வரை. ஹெலீனில் வேலிக்கு 2,400 செலவு என்று வையுங்கள். கம்பெனி அதை ஏற்றால், 8,000-ல் மீதி 5,600தான் மில்டனுக்கு. உங்கள் 6,200 அதைத் தாண்டிவிடும். ரசீது இருந்தால் ஹெலீன் இழப்பாக இன்றே எழுத்தில் அனுப்புங்கள். கிளைம் போட்டும் பயனில்லை என்று சின்னச் சேதத்தைச் சொல்லாமல் விடுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் இழக்கிறார்கள்.

ஈரச்சுவர்: பணம் பிறகு வரும், முதலில் வீட்டைப் பாருங்கள். ஈரமாகி 24 முதல் 48 மணி நேரத்துக்குள்ளேயே பூஞ்சை வளரத் தொடங்கும். கடல் தண்ணீர் வந்து இத்தனை நாள் ஆகிவிட்டதே, அம்மாவை முதலில் வேறு இடத்துக்கு அனுப்புங்கள். அட்ஜஸ்டர் மறுபடி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சேதம் பெருகாமல் தடுப்பது உங்கள் பொறுப்பு என்று பாலிசியிலேயே இருக்கும். தண்ணீர்க் கோட்டுக்குப் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்துப் படம் எடுங்கள். ஃப்ரிட்ஜ், வாஷர் எதுவானாலும் சீரியல் எண் தெரிய வேண்டும். அப்புறம் ஊறிய டிரைவாலை (ஜிப்சம் சுவர்ப் பலகை) கோட்டுக்கு மேலே ஓரடி வரை வெட்டி எடுத்துவிட்டு, கார்ப்பெட்டிலும் டிரைவாலிலும் ஒரு துண்டு பத்திரமாக வையுங்கள். கூரைக்கு டார்ப் (தார்ப்பாய்) போட்ட செலவுக்கும் ரசீது வேண்டும். கரண்ட் இல்லாமல் ஜெனரேட்டர் ஓட்டினால் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள். கராஜுக்குள் கதவைத் திறந்துவைத்தும்கூட ஓட்டாதீர்கள், உயிர் போகும்.

மழைமேகம்: சரி, அந்தக் கூரைக்காரர் விஷயம்? என்னைக் கேட்டால் பப்ளிக் அட்ஜஸ்டரை (நாமே கட்டணம் கொடுத்து அமர்த்தும் மதிப்பீட்டாளர்) வைத்துவிடலாம். அவர்கள் கம்பெனிக்காக இல்லை, நமக்காகப் பேசுவார்கள்.

பழைய பாலிசி: 6,200 டாலர் கிளைமுக்கா? அவசரநிலை அறிவித்த புயலுக்கு முதல் ஓராண்டில் அவர்கள் கட்டணம் கிளைம் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது மாநிலச் சட்டம். அந்தப் பத்தையும் ஏன் கொடுக்க வேண்டும்? மாநில நிதிச் சேவைத் துறை மத்தியஸ்தம் நடத்துகிறது, செலவு கம்பெனியுடையது.

மழைமேகம்: எல்லோருக்கும் உங்களைப் போல உட்கார்ந்து பாலிசி படிக்க நேரம் இருக்காது. வயதானவர்கள், இரண்டு வேலை பார்ப்பவர்கள் என்ன செய்வார்கள்? பாதி வீடு போனவருக்கு 10 சதவீதம் பெரிதில்லை.

பழைய பாலிசி: பாதி வீடு போனவருக்கு நானும் அதையேதான் சொல்வேன். இவருக்குப் போகவில்லை.

தென்றல்: அந்த விவாதத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே ஒருவர் நாளைக்குள் முடிவெடுக்க வேண்டும். கரையோரம், கையெழுத்துப் போடாதீர்கள். 2023 ஜனவரி 1 முதல் எடுத்த பாலிசிகளில் இழப்பீட்டு உரிமையை ஒப்பந்தக்காரருக்கு எழுதிக்கொடுப்பது ஃபுளோரிடாவில் செல்லாது. டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்கிறேன் என்று சொல்வதும் சட்டவிரோதம். அவருடைய உரிம எண்ணை வாங்கி மாநில உரிமத் துறையின் தளத்தில் சரிபாருங்கள். இன்னொன்று, அட்ஜஸ்டர் அட்டிக்கில் (கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே உள்ள பரண்) ஏறிப் பார்த்தாரா? மேலே ஊறிய இன்சுலேஷன் (வெப்பத் தடுப்பு) அந்த 6,200-ல் இருக்கிறதா? வரிவரியான மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். காற்று முதலில் கூரையில் திறப்பு உண்டாக்கி, அதன் வழியாக மழை இறங்கியிருந்தால்தான் உள் சேதம் கணக்கில் வரும். அதனால் பறந்த ஷிங்கிளும் அதற்கு நேர் கீழே உள்ள கறையும் படங்களில் இருக்க வேண்டும்.

ஈரச்சுவர்: நகராட்சி பெர்மிட் இல்லாமல் பெரிய பழுதுவேலையைத் தொடங்காதீர்கள். வெள்ள மண்டலத்தில் பழுதுச் செலவு கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டால், இப்போதைய விதிப்படி வீட்டையே உயர்த்தச் சொல்வார்கள். அந்த நிலை வந்தால் வெள்ளப் பாலிசியில் அதற்கென்று 30,000 டாலர் வரை தனியாக உண்டு.

கரையோரம்: எல்லோருக்கும் நன்றி. அம்மா தங்கை வீட்டில் இருக்கிறார். டெக்லரேஷனில் 2 சதவீதம்தான், வீடு 4 லட்சத்துக்கு. வேலி ரசீதை அனுப்பிவிட்டேன், மறுபடி பார்ப்பதாகப் பதில் வந்திருக்கிறது. அட்டிக்கில் யாரும் ஏறவில்லை. கூரைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தென்றல்: நல்லது. வெள்ளக் கிளைம் எண் வந்துவிட்டதா? முன்பணமும் கேட்கலாம், அட்ஜஸ்டர் வருவதற்கு முன்பே தருவார்கள்.

தென்றல்: கரையோரம், பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள். அந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.