புதுச் செடித் தொட்டியில் பாசி: மூடி வைப்பதா, விட்டுப் பிடிப்பதா?

லாஸ்பேட்டை வாலிஸ்:
இரண்டடி மீன் தொட்டி. புது அக்வா சாயில் (நீர்ச்செடிக்கான சத்து மண்) போட்டு வாலிஸ்னேரியா, கிரிப்டோகோரைன், அனுபியாஸ் நட்டு ஒரு மாதம் ஆகப்போகிறது. நாலு மோலி மீன் ஓடுகிறது. முதலில் கண்ணாடி முழுக்கப் பழுப்புப் படலம். இப்போது அனுபியாஸ் இலை ஓரமெல்லாம் பச்சை நூல் தொங்குகிறது. விளக்கு காலை 9 முதல் இரவு 9 வரை எரியும். கடையில் ஒரு சக்கர் மீனும் பாசி மருந்தும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கட்டுமா?

மஞ்சக்குப்பம் மீன்பிரியன்:
மூன்று நாள் போர்வை போட்டு மூடுங்கள். உரத்தை அடியோடு நிறுத்துங்கள். தீனி இல்லாமல் பாசி என்ன செய்யும்? அப்படியும் அடங்காவிட்டால் மருந்து.

கெடிலக்கரை:
அண்ணே, இதில் ஒன்றைக்கூட ஒத்துக்கொள்ள முடியவில்லை. பழுப்புப் படலம் டயட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டியில் வரத்தான் செய்யும், தானாக அடங்கும். பச்சை நூலுக்குக் காரணம் அந்த 12 மணி நேர விளக்கு. டைமர் வைத்து 6 மணி நேரமாக்குங்கள். புது சாயில் அம்மோனியா விடும், வாரம் இரண்டு முறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். அனுபியாஸும் கிரிப்டோவும் ஆமை வேகத்தில் வளர்பவை. ஹார்ன்வொர்ட் மாதிரி வேகமாக வளரும் செடியை நிறையப் போடுங்கள். நூலைப் பழைய டூத் பிரஷ்ஷால் முறுக்கினால் சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

மஞ்சக்குப்பம் மீன்பிரியன்:
போர் தண்ணீரிலேயே டயட்டத்துக்கு வேண்டிய சிலிக்கா இருக்கிறது தம்பி, மாற்ற மாற்ற அதற்குக் கொண்டாட்டம். உரத்தைப் பற்றி நானாகச் சொல்லவில்லை. உரச்சத்தான பாஸ்பேட்டை இறுக்கிப் பிடித்தால் பாசி அடங்கும் என்று செடித் தொட்டி ஆர்வலர்கள் பால் சியர்ஸும் கெவின் கான்லினும் 1990களிலேயே எழுதியாயிற்று.

கெடிலக்கரை:
அதற்கப்புறம் டாம் பார் என்ற இன்னொரு செடித் தொட்டிக்காரர் பாஸ்பேட்டைத் தாராளமாகப் போட்டே பாசியில்லாத தொட்டி வைத்துக் காட்டினாரே, அதையும் சொல்லுங்கள். பட்டினி போட்டால் முதலில் வாடுவது செடி. வாடிய இலையில்தான் பாசி ஏறும். சிலிக்கா உண்மைதான், ஆனால் டயட்டம் துணியால் துடைத்தால் போய்விடும். அம்மோனியா மீனைக் கொல்லும்.

பாசிக்கென்று விற்கும் லிக்விட் கார்பன் என்ற திரவ மருந்துகள் பலவற்றில் இருப்பது குளூட்டரால்டிஹைடு, ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கிருமி நீக்கும் சரக்கு. வாலிஸ்னேரியா அதில் கரைந்தே போகும். லாஸ்பேட்டை வாலிஸ் தன் பெயரையே மாற்ற வேண்டியிருக்கும்!

முத்தியால்பேட்டை மோலி:
இரண்டு பேரும் வெயில் காலச் சூட்டை மறந்துவிட்டீர்கள். 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் தங்கும், 30 டிகிரியில் சுமார் 7.5தான். மூடி வைத்தால் செடியும் ஆக்சிஜன் விடாது, செத்த பாசி அழுகி மிச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். சக்கர் வேண்டவே வேண்டாம். ஓரடிக்கு மேல் வளரும், இரண்டடித் தொட்டியில் எங்கே திரும்பும்? மோலியே நூல்பாசியைக் கொறிக்கும், தீனியைக் குறைத்துப் பாருங்கள்.

மஞ்சக்குப்பம் மீன்பிரியன்:
சரி, சக்கரும் மருந்தும் வேண்டாம். ஆனால் போர்வையை விடமாட்டேன். ஏர் பம்ப் ஓடினால் ஆக்சிஜனுக்கு என்ன குறை?

கெடிலக்கரை:
இன்னும் வேர் பிடிக்காத கிரிப்டோ இருட்டில் இலையை உதிர்க்கும் அண்ணே. ஏர் பம்ப் அதற்கு என்ன செய்யும்?

லாஸ்பேட்டை வாலிஸ்:
டைமர் வாங்கிவிட்டேன். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராகத் தொட்டியில் விழுகிறது, அதுவும் கணக்கில் வருமா?

முத்தியால்பேட்டை மோலி:
இதை முதலிலேயே சொல்லக்கூடாதா! இன்றைக்கே திரை போடுங்கள்.