புதுப்பிப்பு: வெட்சூட் தோளை இறுக்குகிறது என்று கேட்டிருந்தேனே

புது வெட்சூட் (நீந்தும்போது உடலோடு ஒட்டிப் போடும் ரப்பர் உடை) போட்டு 200 மீட்டர் தாண்டுவதற்குள் தோள் கடுக்கிறது, மூச்சு முட்டுகிறது, ஒரு சைஸ் பெரிதாக மாற்றிவிடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். மாற்றவில்லை. சைஸ் சரிதான், நான் போட்ட விதம்தான் தப்பு.

அல்சூரில் எங்களோடு நீந்தும் மதுரை அக்கா பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "தம்பி, குறை தோள்ல இல்ல, கவட்டுல இருக்கு." உண்மைதான். கவட்டில் இரண்டு விரல் இடைவெளி தொங்கியது. அந்தக் குறையை ஈடுகட்ட ரப்பர் தோளைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

காலில் பிளாஸ்டிக் பை மாட்டி நுழைத்தோம். கணுக்காலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, நகம் படாமல் விரல் நுனிச் சதையால் மேலே ஏற்றினோம். நகம் பட்டால் நியோபிரீன் (வெட்சூட்டின் ரப்பர்) பிறை மாதிரி கிழிந்துவிடும். கை மடிப்புகளையும் அக்குள் வரை தள்ளி, தோளில் துணி சேர்த்த பிறகே ஜிப். இருபது நிமிடம் ஆனது. அன்றைக்கு 1,500 மீட்டர், தோள் வலியே இல்லை!

நண்பரின் பெரிய சைஸையும் போட்டுப் பார்த்தேன். கழுத்து வழியே தண்ணீர் புகுந்து இடுப்புக்கு மேலே பையாகத் தேங்கியது. தரையில் லேசாக இறுக்கமாக இருப்பதுதான் சரி, தண்ணீரில் இளகிவிடும்.

பெங்களூரு குளத்தில் சோதித்தால் உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள், குளோரின் ரப்பரைக் கெடுக்கும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டியில் தண்ணீர் 24.5 டிகிரி வரை இருந்தால்தான் நம்மைப் போன்ற வயதுப் பிரிவினர் (தொழில்முறை அல்லாதவர்கள்) வெட்சூட் அணிந்து பரிசுக்குப் போட்டியிட முடியும். வாங்கும் முன் அதையும் பாருங்கள்.