போட்டியின்றித் தேர்வு: ஊர் ஒற்றுமையா, ஓட்டுரிமை பறிப்பா?

கெடிலக்கரை:
2019 டிசம்பரில் நம்ம கடலூர் உட்பட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மொத்தம் 91,975 பதவிகள். அதில் 18,570 பதவிகளுக்கு ஓட்டுப்பதிவே கிடையாது. வார்டு உறுப்பினர்கள் 18,137, ஊராட்சித் தலைவர்கள் 410, ஒன்றியக் கவுன்சிலர்கள் 23 என்று எல்லாரும் போட்டியின்றித் தேர்வு. ஐந்தில் ஒரு பதவி இப்படிப் போயிருக்கிறது. இதை ‘ஊர் ஒற்றுமை’ என்று பாராட்டுகிறார்கள். அந்த ஊரில் ‘இவர் வேண்டாம்’ என்று நினைத்தவர் அதை எங்கே போய்ச் சொல்வார்? ஒரே ஒருவர் நின்றாலும் ஓட்டுப்பெட்டி வைக்க வேண்டும், சீட்டில் நோட்டாவும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

வாய்க்கால்மேடு:
மொத்தக் கணக்கைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், பிரித்துப் பாருங்கள் சார். வார்டு உறுப்பினர் பதவி 76,746. அதில் ஏறக்குறைய நான்கில் ஒன்று போட்டியில்லாமல் முடிந்தது. தலைவர் பதவி 9,624. அதில் 410 என்றால் நூற்றுக்கு நாலு. மாவட்டக் கவுன்சிலர் 515 பேரில் ஒருவர்கூட அப்படி வரவில்லை. அதிகாரம் இருக்கிற இடத்தில் போட்டி தானாக வருகிறது. வார்டு உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது, கூட்டத்துக்கு வந்தால் சொற்பப் படி. டெபாசிட் 200 ரூபாய்தான், பட்டியலினத்தவருக்கு அதில் பாதி. அதைக் கட்டவே ஆள் வராத வார்டுகள் உண்டு. சில நூறு ஓட்டு உள்ள தெருவில் நாலு பேர் பேசி ஒருவரை நிறுத்துவதை உரிமைப் பறிப்பு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

கெடிலக்கரை:
அந்த ‘நூற்றுக்கு நாலு’தான் எனக்குக் கவலை. அதே 2019-இல் பண்ருட்டி பக்கம் நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 லட்சத்துக்கும் துணைத் தலைவர் பதவி 15 லட்சத்துக்கும் ஏலம் போனதாகச் செய்தி வந்தது. துணைத் தலைவர் பதவிக்கு ஏன் 15 லட்சம்? ஊராட்சிக் கணக்கில் காசோலை எடுக்க தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். துணைத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவியை முன்கூட்டியே ஒருவருக்கு உறுதி செய்ய வேண்டுமென்றால் வார்டுகளும் கையில் இருக்க வேண்டும். அதனால் ‘வார்டு தானே’ என்று தள்ளிவிட முடியாது.

தென்பெண்ணை:
ஏலம் விடுவது நேரடிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 169-ஆம் பிரிவு ‘தேர்தல் உரிமை’யை விளக்கும்போது ஓட்டுப் போடுவதோடு நிறுத்தவில்லை, வேட்பாளராக நிற்பது, நிற்காமல் இருப்பது, வாபஸ் வாங்குவது எல்லாம் அந்த உரிமைதான். 170-ஆம் பிரிவுப்படி அதற்காகப் பணம் கொடுத்தாலும் லஞ்சம், வாங்கினாலும் லஞ்சம். தண்டனை 173-ஆம் பிரிவில்: ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழைய தண்டனைச் சட்டத்தில் இது 171-பி, 171-இ.

சட்டம் இருந்தும் வழக்கு நிற்காததற்குக் காரணம் உண்டு. பணம் வேட்பாளர் கைக்கு வருவதில்லை, ‘கோயில் திருப்பணி’ என்று ஊர்ப் பொதுவுக்குப் போகிறது. சாட்சி சொல்ல வேண்டியவர் அந்தத் தெருவிலேயே குடியிருப்பவர். ஆகவே ஏலத்தை நடந்தபிறகு பிடிப்பதைவிட, இன்னொருவர் மனு போட வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பதே பயன் தரும்.

முத்தியால்பேட்டை:
புதுச்சேரியிலிருந்து ஒரு வார்த்தை. ‘போட்டியின்றி’ என்றாலே தப்பு என்று பொதுவாக எழுதாதீர்கள். மாநிலங்களவைத் தேர்தலைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 234 எம்.எல்.ஏ.க்கள், ஒரு சுற்றில் ஆறு இடம். ஓர் இடம் ஜெயிக்க எத்தனை எம்.எல்.ஏ. ஓட்டு வேண்டும்? இடங்களோடு ஒன்றைக் கூட்டி, 234-ஐ ஏழால் வகுத்து அடுத்த முழு எண்ணை எடுத்தால் 34. எந்தக் கட்சியிடம் எத்தனை 34 இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் 2019, 2022, 2025 மூன்று முறையும் ஆறு பேரும் போட்டியில்லாமல் போனார்கள். எங்களுக்கு இருக்கும் ஒரே மாநிலங்களவை இடமும் 2021-இல் அப்படித்தான் நிரம்பியது. இதெல்லாம் வெறும் கணக்கு, மோசடி கிடையாது.

உள்ளாட்சி பற்றிப் பேசுகிறீர்களே, எங்கள் நிலைமை அதைவிடக் கொடுமை. 1968-க்குப் பிறகு 38 வருடம் கழித்து 2006-இல் ஒரு தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவித்த தேர்தலும் நின்றுபோனது. நகராட்சி, கொம்யூன் (உங்கள் ஒன்றியம் மாதிரி), கிராமப் பஞ்சாயத்து என்று எதிலும் மக்கள் பிரதிநிதி இல்லை. ஒருவர் போட்டியின்றி வந்தால்கூட கேள்வி கேட்க ஓர் ஆள் கிடைப்பார்.

கெடிலக்கரை:
மாநிலங்களவை விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். மக்கள் நேரடியாக ஓட்டுப் போடும் தேர்தலுக்கு வருவோம். சூரத், 2024. மக்களவைத் தொகுதி முழுவதும் ஓட்டுச்சாவடிக்குப் போகாமலே ஓர் எம்.பி. கிடைத்தார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வாய்க்கால்மேடு:
சூரத்தில் தவறு நடந்த இடம் ஓட்டுப்பதிவு கிடையாது, வேட்புமனு மேசை. காங்கிரஸ் வேட்பாளர் போட்டது மூன்று மனு. முன்மொழிந்தவர்கள் அவருடைய சொந்தக்காரர்களும் தொழில் கூட்டாளியும் என்று செய்திகள் வந்தன. ‘கையெழுத்து எங்களுடையது அல்ல’ என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்கள், மூன்று மனுவும் தள்ளுபடி. மாற்று வேட்பாளரின் மனுவும் அதே கதியில் போனது. மறுநாள் ஏப்ரல் 22, வாபஸ் வாங்கக் கடைசி நாள். மீதமிருந்த எட்டுப் பேரும் விலகினார்கள். இருப்பது ஒருவர், இடம் ஒன்று. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 53(2)-இன்படி தேர்தல் அலுவலர் உடனே அறிவித்தாக வேண்டும், அவருக்கு வேறு வழியே கிடையாது.

நம்ம ஊரிலும் இது நடந்திருக்கிறது. 2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷால் மனு விழுந்ததும் முன்மொழிந்தவர்களில் இருவர் கையெழுத்தை மறுத்ததால்தான். அங்கே வேறு பலர் களத்தில் இருந்ததால் ஓட்டுப்பதிவு நடந்தது.

சின்னச் சின்னக் குறைக்கு மனுவைத் தள்ளக் கூடாது என்று அதே சட்டத்தின் 36(4) சொல்கிறது. கையெழுத்து பொய் என்றால் அது சின்னக் குறையில் சேராது, 36(2)-இலேயே தனிக் காரணமாக எழுதியிருக்கிறார்கள். எனவே தற்காப்பு வேட்பாளர் கையில்தான். அங்கீகாரம் பெற்ற கட்சிக்காரருக்கு ஒரு முன்மொழிபவர் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர். ஒருவர் நான்கு மனு வரை போடலாம். ஒவ்வொரு மனுவிலும் வேறு வேறு ஆட்கள் இருக்க வேண்டும். சுயேச்சை என்றால் நான்கு மனுவுக்கு நாற்பது பேர். ஒரே பத்துப் பேரை நான்கிலும் போட்டால் அவர்களில் ஒருவர் பல்டி அடித்தாலும் நான்கும் போச்சு. மாற்று வேட்பாளருக்கும் தனி ஆட்கள் வேண்டும். பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. பொருந்தாத இடத்தில் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். உறுதிமொழியைப் பரிசீலனை நாளுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கட்சிக்காரர்கள் ஏ, பி படிவங்களைக் கடைசி நாள் மூன்று மணிக்குள் கொடுக்காவிட்டால் கட்சி வேட்பாளர் என்ற தகுதியே போய்விடும், பிறகு ஒரு முன்மொழிபவர் போதாது.

தென்பெண்ணை:
இதில் இன்னொரு பூட்டும் உண்டு. மனு தவறாகத் தள்ளப்பட்டாலும் உடனே நீதிமன்றம் போய்த் தேர்தலை நிறுத்த முடியாது. இதை முடிவு செய்த வழக்கே நாமக்கல்லில் பிறந்தது. 1952 பொன்னுசாமி வழக்கில், அரசியல் சட்டம் 329(பி)-ஐக் காட்டி, தேர்தல் முடிந்தபிறகு தேர்தல் மனு மட்டுமே வழி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். தீர்ப்பு வருவதற்குள் பதவிக்காலம் பெரும்பகுதி ஓடிவிடும். வாபஸும் அப்படித்தான்: ஒருமுறை எழுதிக் கொடுத்தால் திரும்பப் பெற முடியாது என்று 37(2) சொல்கிறது. மிரட்டி வாங்கின வாபஸ் என்றாலும் அன்றைக்கு மூன்று மணிக்குமேல் அலுவலர் அதைத் திருத்த முடியாது.

கெடிலக்கரை:
இரண்டு பேரும் என் பக்கத்துக்கே வாதாடுகிறீர்கள். மனு மேசையில் இத்தனை ஓட்டை, நீதிமன்றத்தில் இத்தனை தாமதம் என்றால், கடைசிக் காப்பு வாக்காளர்தானே? சூரத்தில் அவரையே வெளியே நிறுத்திவிட்டோம். அதே 2024-இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் வாபஸ் வாங்கினார். மற்றவர்கள் நின்றதால் ஓட்டுப்பதிவு நடந்தது, நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டு விழுந்தது. சூரத் வாக்காளருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 53(2)-ஐ எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. தனி வேட்பாளருக்குக் குறைந்தபட்ச ஓட்டு சதவீதம் வைக்கலாமா என்று நீதிபதிகள் 2025 ஏப்ரலில் மத்திய அரசைக் கேட்டார்கள்.

வாய்க்கால்மேடு:
இந்தூரில் அந்த இரண்டு லட்சத்தால் முடிவு மாறவில்லையே. இன்றைய விதிப்படி நோட்டா முதலில் வந்தாலும் அடுத்து இருப்பவர் ஜெயித்தவர். ஒருவரும் நோட்டாவும் மட்டும் என்றால் அவருக்கு ஓர் ஓட்டு விழுந்தால் போதும். அதற்கு ஒரு தொகுதி முழுக்க இயந்திரம், பணியாளர், போலீஸ் என்று இறக்கி என்ன பயன்?

கெடிலக்கரை:
விதியையும் சேர்த்தே மாற்றச் சொல்கிறேன். உள்ளாட்சியில் நோட்டா முதலில் வந்தால் மறுதேர்தல் என்று மகாராஷ்டிர மாநிலத் தேர்தல் ஆணையம் 2018-இலேயே உத்தரவு போட்டது.

முத்தியால்பேட்டை:
மறுதேர்தலிலும் யாரும் நிற்காவிட்டால்? மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலைவர் பதவி தனித்தொகுதி ஆனதற்காக 1996 முதல் 2006 வரை என்ன நடந்தது? மனு போட ஆள் இல்லை, ஜெயித்தவர் உடனே ராஜினாமா, மறுபடி காலி. நோட்டாவால் காலியாக்கும் அதிகாரத்தை ஆதிக்கச் சாதி கையில் கொடுத்தால் எந்தத் தனித்தொகுதித் தலைவரையும் உட்கார விடமாட்டார்கள்.

கெடிலக்கரை:
இந்தக் கோணத்தை நான் யோசிக்கவில்லை, நியாயமான பயம். தனித்தொகுதிக்கு நோட்டாவால் காலியாகும் விதி பொருந்தாது என்று எழுத வேண்டியிருக்கும். பொதுத்தொகுதியில் என் கோரிக்கை அப்படியே நிற்கிறது.

தென்பெண்ணை:
கடலூர் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்து தனி அலுவலர் கைக்குப் போனது. அடுத்த தேர்தலில் மனு போட விரும்புகிறவர்களுக்கு ஒன்று: வார்டுக்கு முன்மொழிபவர் அதே வார்டு வாக்காளராக இருக்க வேண்டும். பக்கத்துத் தெருக்காரர் பெயர் பட்டியலில் வேறு வார்டில் இருந்து மனு விழுவது சாதாரணமாக நடக்கிறது. பட்டியல் வந்த அன்றே பாகம் எண், வரிசை எண் இரண்டையும் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.