யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கு: உங்கள் நினைவுகளைப் பகிருங்கள்

குருநகர்க்காரன்:
2016இல் அரங்கைப் புதுப்பித்துத் திறந்தபோது எனக்குப் பத்து வயது. குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென். மேரிஸ் உதைபந்தாட்டக் கழகங்கள் மோதும் நாளில் எங்கள் கரையில் வீடுகள் வெறிச்சோடிவிடும். அப்பா அன்று கடலுக்குப் போகமாட்டார். என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி மிதிப்பார். ஒரு ஆட்டம் சமனிலையில் முடிந்து தண்ட உதைக்குப் போனது. அப்பா உடைத்த கச்சானை வாயில் போடாமல் கைக்குள்ளேயே வைத்திருந்தார். கடைசி உதை முடிந்து கையை விரித்தபோது கச்சான் தூளாகியிருந்தது. வென்றதும் சனம் திடலுக்குள் பாய்ந்தது. அப்பா மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மெல்ல உள்ளே நடந்தார். ஏனென்று நான் கேட்கவில்லை.

தெல்லிப்பழை மகள்:
எங்கள் ஊர் மகாஜனக் கல்லூரிப் பெண்கள் உதைபந்தாட்டத்தில் தேசிய அளவில் வென்றவர்கள். "பெண்பிள்ளைக்கு எதற்குப் பந்து?" என்று கேட்ட என் மாமாதான் இப்போது முதல் ஆளாக ஆட்டம் பார்க்கப் போய் இடம் பிடிக்கிறார்.

பழைய ரசிகன்:
தம்பி, செருப்புக் கதையை வாசித்துவிட்டு வெகுநேரம் இருந்தேன். 1999இல் அங்கே திருத்த வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வெளிவந்தன. எங்கள் ஒழுங்கையில் போர்க்காலத்தில் மகனைத் தொலைத்த தாய் ஒருவர் இருந்தார். செய்தி கேட்டதும் நடந்தே போய், பொழுதுபடும்வரை வெளியே நின்றார். அதன்பின் பல ஆண்டுகள் அந்தப் பக்கம் போக எனக்கு மனம் வரவில்லை. பேரன் பாடசாலை அணிக்கு ஆடத் தொடங்கியதும் போனேன். இடைவேளையில் முழங்கால் நிறைய மண்ணோடு ஓடிவந்தான். சால்வையால் துடைத்துவிட்டேன், கை நடுங்கியது. "என்ன தாத்தா?" என்றான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னது பிழை. அந்த மண்ணில் ஓடுகிற பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

குருநகர்க்காரன்:
ஐயா, எனக்கு இது தெரியாது. எங்கள் பெரியப்பா காணாமற்போனவர். வீட்டில் யாரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. அப்பா விடியத்தான் கரைக்குத் திரும்புவார். வந்ததும் கேட்கிறேன்.