பார்வையாளர் மாடத்திலிருந்து பார்த்த ஹெக்டே

உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்து, பிறகு மக்களவை சபாநாயகர் ஆனவர் கே.எஸ். ஹெக்டே. அவரை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை, 1978-ல். அப்போது எனக்கு வக்கீல் தொழிலில் இரண்டாவது வருஷம். சீனியரோடு ஒரு வழக்குக்காக டெல்லி போன இடத்தில், தெரிந்த எம்.பி. ஒருவர் மக்களவைக்குப் பாஸ் வாங்கிக் கொடுத்தார். காலையிலேயே மாடத்தில் போய் உட்கார்ந்துவிட்டோம். சபாநாயகர் உள்ளே வந்தார். கீழே சபை முழுக்க எழுந்து நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஏனென்றால், 1973 ஏப்ரல் 24 அன்று உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த கேசவானந்த பாரதி தீர்ப்பை நாங்கள் வரிவரியாகப் படித்தவர்கள். 13 நீதிபதிகள், 7-க்கு 6. அரசியல் சட்டத்தைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பில் நாடாளுமன்றம் கை வைக்க முடியாது என்ற பக்கம் நின்றவர் ஹெக்டே. தீர்ப்பின் சூடு ஆறுவதற்குள் பணிமூப்பில் முன்னால் இருந்த ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என். ரேயைத் தலைமை நீதிபதி ஆக்கியது இந்திரா அரசு. மூவரும் ராஜினாமா செய்தார்கள்.

ஹெக்டே அதோடு ஒதுங்கிவிடவில்லை. 1977-ல் பெங்களூர் தெற்கில் ஜனதா சார்பில் நின்று ஜெயித்தார். சபாநாயகராக இருந்த சஞ்சீவ ரெட்டி ஜனாதிபதி தேர்தலுக்காக விலகியதும் அந்த நாற்காலி இவருக்கு வந்தது. நாடாளுமன்றம் அவருக்குப் புதுசும் இல்லை. 1952 முதல் 57 வரை மாநிலங்களவையில் இருந்தார். அதை விட்டுத்தான் மைசூர் உயர் நீதிமன்றத்துக்கு நீதிபதியாகப் போனார். (படித்தது நம்ம சென்னையில், பிரசிடென்சியிலும் சட்டக் கல்லூரியிலும். அதில் எனக்குத் தனிப் பெருமை.)

நீதிபதி அரசியலுக்கு வரலாமா என்று இப்போது கேட்கிறார்கள். ஓய்வு பெற்ற கையோடு ஆள்பவர்கள் கொடுக்கும் இடத்தில் உட்காருவது எனக்கு உறுத்தும். பதவியை உதறிவிட்டு, நாலு வருஷம் கழித்து வெயிலில் ஓட்டுக் கேட்டு வருவது வேறு.

1978 நவம்பரில் இந்திரா காந்தியும் சிக்மகளூர் இடைத்தேர்தலில் ஜெயித்து அதே சபைக்கு வந்தார். தன்னை ஒதுக்கிய அரசின் தலைவரையே உறுப்பினராக எதிரில் வைத்துச் சபை நடத்தும் நிலை ஹெக்டேக்கு. டிசம்பரில் சபை ஓட்டெடுத்து இந்திராவை வெளியேற்றியது. செய்தித்தாளைப் பிடித்தபடி நான் அந்தக் காலை நேரத்தைத்தான் நினைத்துக்கொண்டேன்: கீழே எல்லோரும் எழுந்து நிற்க, மாடத்தில் என் பக்கத்தில் சீனியர், கோர்ட்டில் நீதிபதிக்குத் தலை தாழ்த்துவது போலவே, மெதுவாகத் தலை தாழ்த்தினார்.